உல்லத்துக்கும் ஒரு வழி வேண்டும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே பேக்கர் ஏரி என்று ஓர் ஏரி இருக்கிறது. கோடை வந்ததும் மீன்பிடிப்போர் படகுகளுடன் அங்கே கூடிவிடுவார்கள். படகை மிக மெதுவாகச் செலுத்தி, மின்னும் தகடு ஒன்றையும் அதன் பின்னே தூண்டில் முள்ளையும் நீருக்குள் இழுத்துச் செல்வார்கள். அதில் சிக்குவது சாக்கை சால்மன் என்னும் மீன். அது ஆற்றில் பிறந்து, ஏரியில் ஓரிரு ஆண்டுகள் வளர்ந்து, கடலுக்குச் சென்று பருத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து உயிரை விடும்.

இதில் வியப்பு என்னவென்றால், பேக்கர் ஆற்றின் குறுக்கே 1925-இல் ஒன்றும் 1959-இல் ஒன்றுமாக இரண்டு பெரிய அணைகள் எழுந்துவிட்டன. மீன் தாண்டக்கூடிய உயரம் அன்று அவை. 1985-இல் கடலிலிருந்து திரும்பிய சாக்கை மீன்கள் வெறும் 99. அப்படியானால் இன்று ஏரியில் தூண்டில் போடும் அளவுக்கு மீன் எங்கிருந்து வந்தது? மனிதர்கள் வழி செய்து கொடுத்தார்கள், அதனால் வந்தது. அணைக்குக் கீழே மீன்களைப் பிடித்து, நீர் நிரப்பிய லாரியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கடலுக்குப் போகவேண்டிய குஞ்சுகளை மிதக்கும் பொறிகளில் சேகரித்து, அணைக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பின்னர் மீன்கள் ஆயிரக்கணக்கில் திரும்பின. 2010-இல் ஏரியில் இந்த மீனைப் பிடிக்க அனுமதியும் கிடைத்தது.

நம் காவிரிக்கும் இப்படிக் கடலிலிருந்து ஏறிவரும் மீன் ஒன்று உண்டு. உல்லம் என்றும் உள்ளம் என்றும் அதைச் சொல்வார்கள். வங்காளத்தார் 'இலிஷ்' என்றும் கோதாவரிக் கரையார் 'புலச' என்றும் கொண்டாடுவது இதே மீனைத்தான். சாக்கையைப் போலவே இதுவும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுள் முட்களால் வடித்துத் தின்னும். ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கடலை விட்டு ஏறி, நன்னீரில் முட்டையிடும். ஆனால் சாக்கையைப் போல முட்டையிட்டதும் சாவதில்லை. கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வரக்கூடியது.

அதன் பாதையில் நாம் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். தஞ்சை மண்ணின் நெல்லுக்கு அவை செய்த நன்மை பெரிது. ஆனால் குறுக்கணையின் அடியில் மேலே போக வழியில்லாமல் கூடி நிற்கும் மீன், வலைக்கு மிக எளிதாக அகப்படும். முட்டையிடும் முன்பே அவை அள்ளப்பட்டுவிடும். இந்தியாவின் நன்னீர் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, குறுக்கணைகளால் மீன்வளத்துக்கு வரும் கேட்டை 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சியும் நடந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளம் அணைக்குள் அடங்கியது. 'புறப்படு' என்று மீனுக்குச் சொல்லும் புதுவெள்ளமே குறைந்துபோயிற்று. காவிரியில் உல்லமும் அருகிப்போயிற்று.

இந்தக் கதை காவிரியோடு முடியவில்லை. கங்கையில் ஒரு காலத்தில் அலகாபாத் வரை ஏறிய உல்லம், 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கிய பின் அதற்கு மேலே அரிதாகிவிட்டது.

"அணைகளே வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் சோறு உண்ணும் எவரும் அப்படிச் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: நீருக்குக் கதவு வைக்கும் நாம், மீனுக்கும் ஒரு வழி வைக்கக் கூடாதா?

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன; அருகில் புதிய கதவணை கட்டப்பட்டது. கீழணைக்கும் கீழே, ஆதனூர், குமாரமங்கலம் ஊர்களுக்கு இடையே கொள்ளிடத்தின் குறுக்கே மற்றொரு கதவணை எழுந்திருக்கிறது. நீரைத் தேக்குவதற்கும் கடல்நீர் உட்புகாமல் தடுப்பதற்கும் இவை தேவையே. ஆனால் கடலிலிருந்து வரும் மீன் முதலில் முட்டிக்கொள்வது கடைசிக் கதவில்தான். வழி திறப்பதென்றால் அங்கிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போகவேண்டும்.

'வெள்ளத்தில் கதவுகளைத் தூக்கிவிட்டால் மீன் போய்விடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கதவுக்கு அடியில் பீறிடும் நீரின் வேகத்தை எதிர்த்து நீந்துவது மீனுக்குக் கடினம். அதனால்தான் வேகத்தைத் தணிக்கும் தனிக் கால்வாய் வேண்டும். சால்மனுக்காக அமைத்த படிக்கட்டுத் தொட்டிகளை அப்படியே நகல் எடுப்பதிலும் பயனில்லை. சால்மன் துள்ளித் தாவும், உல்லம் தாவாது. அதன் உறவான அமெரிக்க ஷாட் மீனுக்காக, கனெக்டிகட் ஆற்றின் ஹோலியோக் அணையில் 1955-இல் மின்தூக்கி போன்ற ஓர் அமைப்பை வைத்தார்கள். பிற்காலத்தில் ஒரே ஆண்டில் பல லட்சம் மீன்கள்கூட அதன் வழியே மேலே போயிருக்கின்றன. நம் ஆற்றுக்கு எது பொருந்தும் என்பதை நம் பொறியாளர்களும் மீனியல் அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து காணவேண்டும்.

இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, 'பயிருக்கே நீர் இல்லாதபோது மீனுக்கு நீரா?' என்பது. வறண்ட ஆண்டில் பயிருக்கே முதலிடம், அதில் ஐயமில்லை. ஆனால் உல்லம் ஏறுவது வெள்ளக் காலத்தில். அப்போது கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகும் மிகைநீரில் ஒரு சிறு பங்கு மீன்வழியே போனால் போதும். ஆற்றுநீர் கடலில் கலந்தால் வீண் என்ற பேச்சை நாம் விட்டொழிக்கவேண்டும். அந்த நீர்தான் கழிமுகத்தில் வண்டலைச் சேர்க்கிறது, உப்பைத் தணிக்கிறது, பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் உயிர் தருகிறது.

இரண்டாவது, 'மீனே இல்லாத ஆற்றில் மீன்வழி எதற்கு?' என்பது. இதே வங்கக் கடலிலிருந்து கோதாவரிக்கு இன்றும் உல்லம் ஏறுகிறது. கொள்ளிடத்துக்கும் வருமா என்பது, வழி திறந்து பார்த்தால்தான் தெரியும். வெறும் 99 மீன்களை வைத்துக்கொண்டு பேக்கர் ஆற்றார் நம்பிக்கை இழக்கவில்லையே! உல்லம் வரத் தாமதமானாலும் மீன்வழி வீணாகாது. கடலில் பிறந்து ஆற்றில் வளரும் விலாங்கும், உவர்நீரில் குஞ்சுப் பருவத்தைக் கழித்து ஆறு ஏறும் ஆற்று இறாலும் அதே வழியைப் பயன்படுத்தக்கூடியவையே.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் வேலை உண்டு. கொள்ளிடக் கரை ஊர்களில் எண்பது வயதைக் கடந்த மீனவப் பெரியவர்கள் இருப்பார்கள். எந்த மாதத்தில், எந்த மதகடியில், எந்த மீன் அகப்பட்டது என்று அவர்களிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். புதுவெள்ளம் வரும்போது உங்கள் ஊர் மதகடியில் கூடும் மீன்களைக் கரையில் நின்றே கவனித்து, நாளும் பெயரும் குறியுங்கள். எந்த மீனுக்கு, எங்கே, எப்போது வழி வேண்டும் என்று தீர்மானிக்க இத்தகைய குறிப்புகள் உதவும். அவற்றை அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே சேர்த்துவிடவேண்டும்.