பாட்டு கேட்க எத்தனை ரூபாய் கணினி வேண்டும்?

மடிக்கணினி இன்று பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல.

2011-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, பிளஸ்-2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கூரை வீட்டுக்குள்ளும் கணினி நுழைந்தது. பிள்ளை பாடம் படித்தான். அம்மா குழுக் கணக்கு எழுதினாள். அப்பா மின்சாரக் கட்டணம் கட்டினார். தாத்தா பழைய பாட்டு கேட்டார்.

அந்தக் கணினிகள் பழசாகி விட்டன. இப்பொழுது சொந்தக் காசு போட்டு ஒன்று வாங்க வேண்டும். படிப்புக்கு வேண்டும், வீட்டு வேலைக்கு வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். கையில் இருப்பதோ 35 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதுவும் சீட்டு எடுத்த பணம்!

இந்த நிலையில் கடைக்குப் போனால் என்ன நடக்கிறது?

"பாட்டு கேட்கவா? அப்படியானால் இதை எடுங்கள் சார்! சவுண்டு பிரமாதமாக இருக்கும். 15 ஆயிரம்தான் கூடுதல். மாதத் தவணையில் கட்டிக் கொள்ளலாம்!"

அந்தப் 15 ஆயிரம் தேவையா?

தேவை இல்லை என்பதே என் கருத்து. பாட்டின் இனிமைக்காக விலை உயர்ந்த கணினி வாங்குவது வீண் செலவு. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சரியான இடத்தில் செலவழித்தால் பாட்டு இனிக்கும், கடனும் வராது. எப்படி என்று பார்ப்போம்.

பாடுவது எது?

கணினிக்குள் பாட்டு இல்லை. எண்கள்தான் இருக்கின்றன. 1982-ல் இசைத்தட்டாக வெளிவந்த சி.டி.யில், ஒரு வினாடிப் பாட்டை 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைத்தார்கள். இன்றும் இந்த அளவே இசைக்கு அடிப்படையாக இருக்கிறது.

இந்த எண்களைப் படித்துக் கொடுப்பது கணினியின் வேலை. இது பெரிய வேலையா? இல்லை, மிகச் சிறிய வேலை.

1997-ல் 'வின்ஆம்ப்' என்ற பாட்டு மென்பொருள் வந்தது. அன்றைய கணினிகளிலேயே எம்.பி.3 பாட்டு நன்றாக ஓடியது. அக்காலத்துக் கணினியில் 32 மெகாபைட் நினைவகம் இருந்தாலே தாராளம். இன்று சாதாரண மடிக்கணினியில் 8 ஜி.பி. இருக்கிறது. அது 32 மெகாபைட்டைப் போல் 256 மடங்கு!

ஆகவே, வேகமான கணினியில் பாட்டு அதிக இனிமையாகக் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய லாரியில் ஏற்றி வந்தால் கத்தரிக்காயின் ருசி கூடிவிடுமா?

எண்களை ஒலியாக மாற்ற ஒரு சிறு சில்லு இருக்கிறது. எல்லா மடிக்கணினியிலும் இது உண்டு. சாதாரணக் காதுக்கு அது போதும். அந்த ஒலியைக் காதில் கொண்டு வந்து சேர்ப்பது ஒலிபெருக்கியும் ஹெட்போனும். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது இந்தக் கடைசி இடத்தில்தான்.

மிருதங்கம் காட்டும் உண்மை

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மடிக்கணினியில் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள்.

வலந்தலையின் நாதம் கணீரென்று கேட்கும். இடந்தலை, அதாவது தொப்பி, எங்கே? 'கும்கி' என்று சொல்வார்களே, அந்த ஆழமான குழைவு எங்கே? பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

காரணம் எளியது. கனத்த ஓசை பிறக்க நிறையக் காற்றை அசைக்க வேண்டும். தவிலின் தோல் எவ்வளவு அகலம்! மடிக்கணினிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியோ மிகச் சிறியது. மெல்லிய பெட்டிக்குள் அதற்கு அசைய இடமும் இல்லை. இளையராஜாவின் பாடல்களில் அடிநாதமாக ஓடும் பேஸ் கிடாரும் இப்படித்தான் மறைந்து போகிறது.

15 ஆயிரம் கூடக் கொடுத்தால் மட்டும் இது முழுதாக மாறி விடுமா? மாறாது. பெட்டியின் மேல் ஒலி நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கலாம். ஸ்டிக்கர் பாடாது!

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் நல்ல கம்பி ஹெட்போன் கிடைக்கிறது. மேசையில் வைக்கும் ஒரு ஜோடி ஒலிபெருக்கியும் கிடைக்கிறது. இவற்றில் ஒன்றைச் சாதாரணக் கணினியில் செருகிக் கேளுங்கள். தொப்பியும் கேட்கும், தம்புராவும் கேட்கும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம். 50 ஆயிரத்துக்குக் கணினி வாங்கி, 150 ரூபாய் ஹெட்போனில் பாட்டு கேட்பவரும் அப்படித்தான்!

'உயர்தர ஒலி' வேண்டாமா?

சி.டி.யை விட நுட்பமான ஒலி என்று இப்பொழுது ஒரு விளம்பரம் வருகிறது. அதற்கென்று தனிக் கணினியும் காட்டுகிறார்கள்.

மனிதனின் காது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20 ஆயிரம் அதிர்வு வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். சி.டி. அளவில் பதிந்த பாட்டு ஏறத்தாழ 22 ஆயிரம் அதிர்வு வரை கொண்டு வந்து விடும். அதற்கு மேல் இருப்பது நம் காதுக்கு எட்டாத ஒலி. எட்டாத ஒலிக்கு ஏன் காசு?

பழைய திரைப்பாடல் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி. 1950-களிலும் 1960-களிலும் வந்த தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலியில் பதிவானவை. பதிவில் இல்லாத ஒலியை எந்தக் கணினியாலும் கொண்டு வர முடியாது.

கணினியில் பார்க்க வேண்டியவை

சரி, கணினியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாட்டை மறந்து விடுங்கள். அன்றாட வேலையை மட்டும் நினையுங்கள்.

நினைவகம் 8 ஜி.பி. இருக்கட்டும். 4 ஜி.பி. என்றால் விலை குறையும். ஆனால் நாலைந்து வேலை ஒன்றாகத் திறந்தால் திணறும். சில மாடல்களில் பின்னால் கூட்டவும் முடியாது. இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. வேண்டும். 256 ஜி.பி. போதும். பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும், ஓசை வரும், வேலையும் மெதுவாக நடக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. மிக மலிவான சில கணினிகளில் 64 ஜி.பி. மட்டும் கொடுத்திருப்பார்கள். விண்டோஸும் அதன் திருத்தங்களும் அதில் பெரும்பகுதியை விழுங்கி விடும். அது வேண்டாம்.

பாட்டுக்கு இடம் போதுமா என்று பயப்படாதீர்கள். நல்ல தரத்தில் உள்ள 5 நிமிட எம்.பி.3 பாட்டு 12 மெகாபைட்தான். 5 ஆயிரம் பாட்டு சேர்த்தாலும் 60 ஜி.பி. அளவுதான் வரும். தினம் 10 பாட்டு வீதம் கேட்டால், ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் ஆகும்!

அதிக சக்தி உள்ள விளையாட்டுக் கணினி வேண்டாம். சக்தி கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் உள்ளே விசிறி சுழலும். மெல்லிய ஆலாபனையின் நடுவே விசிறி 'உஸ்' என்று சுருதி சேர்க்கும். பாட்டு கேட்பவருக்கு அடக்கமான கணினியே நல்ல கணினி.

ஹெட்போன் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யில் செருகும் சிறு இணைப்பான் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. எண்ணை ஒலியாக்கும் சில்லு அதற்குள்ளேயே இருக்கும். உள்ளே இருக்கும் சில்லு இரைச்சல் போட்டால் இதுதான் மருந்து. அதற்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, சார்ஜரைச் செருகி ஹெட்போனில் கேளுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிக் கேளுங்கள். செருகியபோது மட்டும் 'உம்' என்று இரைச்சல் வந்தால், சார்ஜரிலோ மின் இணைப்பிலோ கோளாறு என்று அர்த்தம். வேறு சார்ஜர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கண்ணைத் திறந்து கொண்டு வாங்க வேண்டும்.

பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் உபயோகித்த மடிக்கணினிகளைக் கழித்து விடுகின்றன. அவை செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட கடைகள் பல உண்டு. அலுவலகத்துக்கென்று செய்த கணினியில் உடலும் விசைப்பலகையும் உறுதியாக இருக்கும். குறைந்த விலைப் புதுக் கணினியை விட இது நன்றாக உழைப்பதும் உண்டு.

நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வயது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் கோர் வகையில் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம். 'ஐ5-8250' என்று எழுதியிருந்தால் 8-ம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னால் 6 அல்லது 7-ல் தொடங்கும் நாலு இலக்க எண் இருந்தால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள்.

இரண்டாவது, பேட்டரி. 'பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். செய்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்பொழுது எவ்வளவு பிடிக்கிறது என்ற இரண்டு எண்களும் அதில் தெரியும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கொண்டு பேரம் பேசுங்கள்.

மூன்றாவது, பூட்டு. பழைய அலுவலகம் போட்ட ரகசியச் சொல் உள்ளே இருக்கக் கூடாது. உங்கள் கண் முன்னே அணைத்து, மறுபடியும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, ரசீது. உத்தரவாதம் எத்தனை மாதம் என்று அதில் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை கடை வாசல் வரைதான்!

காதுக்கு விலை இல்லை

ஹெட்போன் வாங்கச் சொன்ன நான் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்.

80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபல் என்றால்? வாரத்துக்கு 4 மணி நேரந்தான்! குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை.

டெசிபலை வீட்டில் எப்படி அளப்பது? அளக்க வேண்டாம். ஒலி அளவை முழுதாகத் திருப்பாமல் 60 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். பக்கத்தில் இருந்து அம்மா கூப்பிடுவது பிள்ளையின் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் சத்தம் அதிகம்.

கெட்டுப்போன கணினியை மாற்றலாம். உள்காதின் நுண்ணிய செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஹெட்போனை விட ஒலிபெருக்கிக்கே நான் முதல் ஓட்டுப் போடுவேன். ஹெட்போனில் ஒருவர் கேட்கிறார். ஒலிபெருக்கியில் வீடே கேட்கிறது. சமையல்கட்டில் இருப்பவருக்கும் அந்தப் பாட்டில் பங்கு உண்டல்லவா?

"கைப்பேசியே பாடுகிறதே, கணினி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பாட்டு மட்டும் போதும் என்றால் கைப்பேசி போதும். அதே ஒலிபெருக்கியை அதில் இணைத்துக் கொள்ளலாம். ஆனால் பிள்ளை கட்டுரை தட்டச்சு செய்யவும், விண்ணப்பம் நிரப்பவும், கணக்கு எழுதவும் உள்ளங்கைத் திரை போதாது. கணினி வாங்குவது அதற்காக. பாட்டு அதனோடு கூட வரும் வரவு.

35 ஆயிரம் எப்படிப் பிரியும்?

கணினிக்கு 30 ஆயிரம். அந்த விலையில் 8 ஜி.பி.யும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள புதியது அமையாவிட்டால், செப்பனிட்ட நல்ல பழையதை எடுங்கள். ஒலிபெருக்கிக்கோ ஹெட்போனுக்கோ 3 ஆயிரம். மீதி 2 ஆயிரத்தைச் செலவழிக்காதீர்கள். நாளைக்கு ஒரு பழுது வந்தால் அது கை கொடுக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான்.

கடைக்குப் போகும்போது மூன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான பாட்டு ஒன்று, உங்கள் ஹெட்போன், உங்கள் கணக்குச் சீட்டு.

விலையைக் கடைக்காரர் சொல்லட்டும். தேவையை நீங்கள் சொல்லுங்கள்!