மலைநாட்டு மண்ணுக்கும் கணக்கு வேண்டும்

தேயிலைக் காணிகளின் மண்வளத்தை மலை மலையாக அளந்து வரைபடமாக்க வேண்டும் என்றால், அது விஞ்ஞானிகளின் அலுவல் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அது கூலிப் பிரச்சினை, காணிப் பிரச்சினை என்பதே நமது கருத்து.

மூர்மன், பானபொக்கே ஆகிய இருவரும் 1961இல் இலங்கையின் மண் வகைகளை வகுத்து வெளியிட்டனர். அரும்பணிதான், ஆயினும் மண் வகை வேறு, மண் வளம் வேறு. படத்தில் ஒரே நிறம் தீட்டப்பட்ட பரப்பிலே, முகட்டில் கல் தெரியும். பள்ளத்தில் கரிய மண் திரண்டு கிடக்கும். காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. புல்லொன்றும் நில்லாதவாறு சுரண்டி வழித்த அக்கால வழக்கத்தால் மழைதோறும் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது; போன மண் வரவில்லை.

குழை தாழ்த்தும் பட்டி அடைத்தும் செம்மண்ணைப் பேணிய யாழ்ப்பாண விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவனுடைய தோட்டம் சில பரப்பு. அதன் ஒவ்வொரு மூலையையும் அவன் அறிவான். மலைநாட்டிலே தோட்டம் என்பது நூற்றுக்கணக்கான ஏக்கர். அதனை அவ்வாறு அறிந்தவள் கொழுந்து பறிப்பவள். அவளை எவரும் கேட்பதில்லை.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். அமிலக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருத்தல் நன்று. நைதரசன் பசளையை ஆண்டுதோறும் கொட்ட, புளிப்பு அளவு கடக்கிறது. அப்போது அம்மலைக்கு வேண்டியது மேலும் பசளையன்று, டொலமைற்று. எந்த மலைக்கு எது என்பதை மண்ணைச் சோதித்தே சொல்லலாம். 2021 மே மாதத்தில், மலைக்கும் வயலுக்கும் ஒரே கட்டளையாக இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசாங்கம், அவ்வாண்டு முடியுமுன்னரே அதனை மீட்டுக்கொண்டது. இடையில் பயிர் பட்ட பாட்டை நாடறியும்.

இனிக் கூலிக்கு வருவோம். நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று நிறை குறிக்கப்படுகிறது, குறைந்தால் அரைப்பேர். வளம் வற்றிய மலைக்கு அனுப்பப்பட்டவளும் அந்நிறையையே கொணர வேண்டுமாம்! மண்ணின் குறையைக் கையின் குறையாகப் பதிவது எந்த நீதி? மலைவாரியான வளக் கணக்கு இருந்தால், நிறையையும் மலைவாரியாகக் கேட்டு வாதாடலாம். தொழிலாளருக்குக் காணி என்ற பேச்செழும்போது எந்தத் தரிசு சுட்டிக் காட்டப்படுகிறது என்பதையும் அப்படம் வெளிப்படுத்தும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் இத்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. வீட்டை வாடகைக்கு விடுபவன்கூடச் சுவரையும் கூரையையும் பார்த்து எழுதிக்கொள்கிறான். நில அளவைப் படம் எல்லையையும் ஏக்கரையும் காட்டும். மண்ணின் நிலையைக் காட்டாது. இன்று அளந்து வையாவிடின் 2045இல் எதைச் சான்றாக வைத்து நட்டம் கேட்பது?

ஆகவே காணிக்குடைய அரசாங்கமும் அதனை அனுபவிக்கும் கம்பனிகளும் செலவைப் பங்கிட்டு, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையில் இதனைத் தொடங்க வேண்டும். மண் எடுக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி உடனிருத்தல் வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தோட்டத்துக் காரியாலயச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.