கொழுந்துத் தராசும் பள்ளிக் கணக்கும்

மலையகக் கல்வி பற்றிப் பேசப்படும் மேடைகளிலே ஒரு கருத்து ஓயாது ஒலித்து வருகின்றது. தோட்டப் பிள்ளைக்கு வேண்டுவது வயிற்றுப்பாட்டுக்கு வழிகாட்டும் தொழிற்பயிற்சியே. சுதந்திரம், ஆராய்வு, வினா எழுப்பும் மனப்பாங்கு என்பனவெல்லாம் வயிறு நிறைந்தோரின் பேச்சு என்பதே அக்கருத்து. கேட்போர்க்கு இது பரிவுடைய பேச்சாகவே தோன்றும். லயத்து வாழ்வின் இடர்களை அறிந்த எவரும் கைத்தொழில் ஒன்றைக் கற்ற இளைஞனைக் கண்டு மகிழாதிருக்க முடியாது. ஆயினும் இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே தோட்ட முதலாளிகள் இதனைக் கூறிவிட்டனர். அன்று அதற்குப் பரிவு என்னும் போர்வை தேவைப்படவில்லை, அவ்வளவே வேறுபாடு.

1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டுத் தோட்டத்திற்குத் தேவைப்பட்டவை கைகளே. எழுத்தறிந்த கை கூடையை வெறுக்கும் என்னும் அச்சம் துரைமாரிடையே வேரூன்றியிருந்தது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டச் சிறுவர்க்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தின. அப்பொறுப்பு நிறைவேற்றப்பட்ட விதமோ வேறு. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். பல இடங்களிலே அவ்வாசிரியரும் கணக்கப்பிள்ளையின் வேலையையோ கங்காணியின் வேலையையோ சேர்த்துப் பார்ப்பவர். பத்து வயதுக்குப் பின்னர் என்ன என்ற வினாவிற்குச் சட்டத்தில் விடையில்லை. மலையிலே இருந்தது.

1945 ஆம் ஆண்டில் நாட்டிற்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. காணிச் சீர்திருத்தத்தின் கீழ் 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, அவை படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. ஏனைய பிள்ளைகளுக்குப் பாட்டன் காலத்துச் செய்தியாகிவிட்ட ஒன்று தோட்டப் பிள்ளைக்குத் தந்தை காலத்துச் செய்தி. அதன்பின் கட்டடங்கள் எழுந்தன. வெளிநாட்டு உதவிகள் வந்தன. பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இன்று தோட்டப் பாடசாலைகளிலே கற்பிப்போரிற் பலர் தோட்டத்து லயங்களிலே பிறந்தவர்கள். இவை யாவும் போராடிப் பெற்ற பேறுகள். இவற்றைச் சிறுமைப்படுத்துதல் நன்றியற்ற செயலாகும். ஆனால் அவ்வகுப்பறைகளில் நடப்பது யாது என்று நோக்கும்போதுதான் மனம் துணுக்குறுகின்றது.

தோட்டத்திலே எழுத்து என்பது தொடக்கத்திலிருந்தே ஆளும் கருவியாக இருந்து வந்திருக்கின்றது. துண்டு முறையை நினைவுகூர்தல் இதற்குப் போதும். ஒரு கங்காணியின் கீழுள்ள தொழிலாளரின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று ஒரு காகிதத் துண்டிலே எழுதப்படும். அத்துண்டு கைமாறும்போது மனிதரும் கைமாறினர். தம்மை விலைபேசிய அக்காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது என்னவென்று அம்மனிதர்க்குத் தெரியாது. 1921 இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. எழுத்தறியாதவன் எழுத்தறிந்தவனுக்குக் கடமைப்பட்டிருக்கும் நிலை ஒழிந்துவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தையே நாடற்றதாக்கியது. மறு ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கோரப்பட்டனர். பிறந்தது முதல் ஒரே லயத்தில் வாழ்ந்தவன், தான் அங்கு வாழ்ந்ததைக் காகிதத்திலே காட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1964 இல் இரு பிரதமர்கள் 9,75,000 மக்களைத் தம்மிடையே பங்கிட எழுதிய உடன்படிக்கையும் ஒரு காகிதந்தான். அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இச்சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே முடிவுற்றது.

இவ்வரலாற்றினை அறிந்த ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது எதனை? தன்முன் நீட்டப்படும் காகிதத்தை வாசிக்கவும், அதன்மீது ஐயுறவும், அதற்கு மறுமொழி எழுதவும் அல்லவா? கோ. நடேசய்யர் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தார். தோட்டத்தினுள்ளே புகுவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில் அவர் புடைவை வியாபாரி வேடத்திற் புகுந்து செய்தி திரட்டினார் என்பர். 1921 இல் தேசநேசன், பின்னர் தேசபக்தன் எனப் பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் அமைத்த தொழிலாளர் சம்மேளனத்தை ஹற்றனிலிருந்து இயக்கினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடிய பாட்டுக்கள் எழுத்தறியாதார்க்கும் சட்டத்தின் சாரத்தைச் செவிவழி உணர்த்தின. பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாத அப்பள்ளியிற் கற்றவர்களே 1939, 1940 ஆம் ஆண்டுகளில் முல்லோயா முதலிய தோட்டங்களிற் கூலியுயர்வு கேட்டு நின்றனர். அங்கே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானான்.

இன்றைய எட்டாம் வகுப்பிலே வீதக் கணக்கு கற்பிக்கப்படுகின்றது. ஒரு வியாபாரி ஒரு பொருளை இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்றான். இலாப வீதம் யாது? மாணவன் விடை எழுதுகின்றான். சரி என்னும் அடையாளமும் பெறுகின்றான். அவன் வீட்டிலே, சுவரில் அறைந்த ஆணியிலோ அரிசிப் பெட்டியின் மீதோ தாயின் சம்பளச் சீட்டு கிடக்கின்றது. அதிலும் வீதங்கள் உள்ளன. 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென அறிவிக்கப்பட்டது. அவ்வீதப்படி 20 நாள் வேலைக்கு 20,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து கழிப்பது நூற்றுக்கு 8, அதாவது 1,600 ரூபா. நிர்வாகம் தன் பங்காக இடவேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 2,400 ரூபா. ஆக 4,000 ரூபா அவள் பெயரிற் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் செலுத்த வேண்டிய நூற்றுக்கு 3 வேறு. சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் இயற்றப்பட்டது; அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வெளிய கணக்கு எந்தத் தோட்டப் பாடசாலையின் கரும்பலகையிலும் வழக்கமான பயிற்சியாக இடம்பெறவில்லை. வியாபாரியின் இலாபத்தை அறிந்த பிள்ளைக்குத் தாயின் ஓய்வுகாலப் பணத்தை அறியும் வாய்ப்பில்லை.

தராசின் கதையும் இத்தகையதே. கொழுந்து நிறுக்கும்போது சாக்கிற்கென்றும் ஈரத்திற்கென்றும் கழிவு போடப்படும் என்பது மலையிலுள்ள எல்லோரும் அறிந்த முறைப்பாடு. ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ என்று மிகக் குறைவாகவே கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று நிறுவை. 20 நாளில் 60 கிலோ. ஒரு நாட்பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டுமெனின், மாதத்தில் மூன்று நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு அக்கழிவிலே போய்விடுகின்றது. குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாக்கின் உண்மையான எடை என்ன, மழைநாளில் ஈரம் எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு என்று அளந்து, எழுதி, ஒப்பிட்டு, முடிவு காண்பது அறிவியல் முறைக்கு முழு எடுத்துக்காட்டாகும். கழிவு நியாயமே என்று அளவையிலே தெரியவந்தால் அதனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆராய்வு என்பது எதிர்ப்புக்கு மறுபெயரன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளை உணர்வதற்கு ஆய்வுகூடம் எதுவும் வேண்டா. ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும்.

இங்கே ஆசிரியர் தரப்பின் மறுப்பு எழும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை, அதன்பின் சாதாரண தரம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும்போது சம்பளச் சீட்டுக்கு நேரமேது என்பர். பெற்றோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். பிள்ளை லயத்தை விட்டு வெளியேற வேண்டும், வெளியேற்றும் கதவு பரீட்சை ஒன்றே என்னும் அவர்தம் நம்பிக்கையைப் பழித்தல் தகாது. அது பட்டறிவிற் பிறந்த நம்பிக்கை. ஆனால் அக்கதவினூடே செல்வோர் எத்தனை பேர்? தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மலைநாட்டில் அரிது. எஞ்சிய பிள்ளைகள் சாதாரண தரத்துடன் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். நியமனக் கடிதம் கேட்கலாம் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. பொலிஸ் நிலையத்திலே சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டின் கீழ்க் கையொப்பமிடுமுன் அதன் பொருளைக் கேட்டறியலாம் என்பதும் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறோர் எழுத்துக்கூட்டலில். இவ்வொரு பிழையால் வங்கியிலும் சேமலாப நிதி அலுவலகத்திலும் அலைக்கழிந்த குடும்பங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பிறந்த பிள்ளையின் பெயரைத் தோட்டத்து உத்தியோகத்தர் எவரோ காதில் விழுந்தபடி எழுதிய காலத்தின் மிச்சம் அது. அதனைத் திருத்தும் விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, லயத்தில் உள்ள இருபது குடும்பங்களுக்கும் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தை விடப் பயன்படுவாள்.

தொழிற்சங்கம் பற்றிய பேச்சு வந்துவிட்டமையால் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. சம்பளச் சீட்டில் சங்கச் சந்தாவும் கழிக்கப்படுகின்றது. சேமலாப நிதியைக் கேட்கக் கற்ற பிள்ளை சந்தாவையும் கேட்கும். மேடையிலே கல்வி வேண்டும் என முழங்கும் தலைவர்கள் வினா எழுப்பும் கல்வியைப் பற்றி வாய் திறவாமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுற இடமுண்டு.

வினா எழுப்புதல் வகுப்பிலேயே பழகவேண்டிய ஒன்று. ஆனால் பல வகுப்பறைகள் பிரட்டுக்களத்தையே நினைவூட்டுகின்றன. வரிசை, பெயர் கூப்பிடல், கட்டளை, தண்டனை. காலையிலே கங்காணியின் முன் தாய் நின்றவாறே ஆசிரியரின் முன் பிள்ளை நிற்கின்றது. தோட்டத்திற் பிறந்து வளர்ந்து ஆசிரியராக உயர்ந்த ஒருவர், தம்மையறியாமலே துரையின் குரலிற் பேசுவது மிக வருந்தத்தக்க காட்சியாகும். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் அப்படியே கற்பிக்கப்பட்டவர். குடியியற் கல்வி என்னும் பாடத்திலே உரிமைகளின் பட்டியலை மனனம் செய்வித்து, அதே வேளையில் ஏன் என்று கேட்ட மாணவனை முழந்தாளிட வைத்தால் அம்மாணவன் கற்கும் குடியியல் எது?

1963 இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரிலே பாவுலோ ஃபிரைரே ஏறத்தாழ 300 தொழிலாளர்க்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்தார். செங்கல் போன்ற, அவர்தம் அன்றாட வாழ்விற் புழங்கிய சொற்களே அவர்க்குப் பாடநூல். செங்கல் என எழுதக் கற்றவன், தான் சுமக்கும் செங்கல் யாருடைய வீடாகின்றது என்றும் கேட்டான். மறு ஆண்டே இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டு, பின்னர் நாட்டை விட்டு வெளியேறச் செய்தது. எழுத்தைக் கற்பித்தமைக்காக அன்று, அவ்வினாவுக்காக. பிரேசிலின் முறையை அப்படியே நுவரெலியாவுக்கு இறக்குமதி செய்க என்பது ஈண்டு வாதமன்று. கொழுந்து, நிறுவை, பேர், துண்டு, லயம் என மலையகத்திற்கும் தனக்கேயுரிய சொற்கள் உண்டு. தலவாக்கலையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அச்சொற்களைக் கொண்டே இலக்கியம் படைத்தார். கல்வி மட்டும் அவற்றைத் தீட்டெனக் கருதி ஒதுக்குவது ஏன்?

தொழிற்பயிற்சியே போதும் என்போர்க்கு இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் வாழ்வதற்கு உகந்ததன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதமாக இருந்தது. மக்கள் லயத்திலே இருந்தனர். வேறிடத்தில் வீடும் காணியும் கொடுக்காமல் வெளியேறுக என்பது வெற்றுச் சொல்லே என்பதும் உண்மை. ஆயினும் சுவரிலே தோன்றும் வெடிப்பையும், சாயும் மரத்தையும், திடீரெனக் கலங்கும் ஊற்றையும் அளந்து குறிக்கத் தெரிந்த பிள்ளைகளும், எச்சரிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறத் தெரிந்த பெற்றோரும் அங்கு இருந்திருப்பின் அக்காகிதம் கோப்பிலே உறங்கியிராது. தையற் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு உதவாது. மழைக்காலந்தோறும் இதே அச்சத்துடன் உறங்கும் லயங்கள் நுவரெலியா மாவட்டத்திலும் பல உண்டு.

பாடசாலைக்கும் நிறுவைக் கொட்டகைக்கும் இடையே பல தோட்டங்களில் சில நூறு யார் தூரமே உண்டு. பாடசாலை அரசாங்கத்தினுடையது, கொட்டகையோ 1992 இல் தோட்டங்களின் முகாமையைப் பெற்ற கம்பனிகளினுடையது. வகுப்பொன்றை அங்கு அழைத்துச் செல்லத் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி கோரும் கடிதத்தை அதிபர் எழுதவேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களே எழுதட்டும். திகதியிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பட்டும். மறுமொழி வந்தால் அதனை வகுப்பிலே உரக்க வாசிக்கலாம். வராவிடின் இரண்டாவது கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று அவர்களே கலந்து பேசட்டும்.