பந்தியும் பட்டியலும்

நெருக்கடி வந்தால் "ஒற்றுமை, ஒற்றுமை" என்று முழங்குவது நமக்குக் கைவந்த கலை. முழக்கத்தால் எவர் வயிறும் நிறைந்ததாக நான் அறியேன். கூடிச் செயலாற்றும் முறையை அறிய விரும்பும் நண்பர்கள், எச்சமயத்தவராயினும், விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டட்டும். முதல் ஏழு வசனங்களே போதும்.

எருசலேமில் இளஞ்சபை ஏழைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிடுகிறது. அடியார் தொகை பெருகுகிறது. உடனே பிணக்கும் பிறக்கிறது. கிரேக்க மொழி பேசும் யூதரின் கைம்பெண்கள் பந்தியில் விடுபட்டுப் போகின்றனர். எபிரேயர் வேண்டுமென்றே செய்தனர் என்று நூல் கூறவில்லை. பட்டியல் எழுதியவனுக்குத் தெரிந்த தெருக்கள் வேறு, அவ்வளவுதான் என்பது என் ஊகம்.

தலைவர் பன்னிருவரும் என்ன செய்தனர்? முறையிட்டவரைப் பிரிவினைக்காரர் என்று ஏசவில்லை. தாமே அகப்பையைப் பிடிக்கவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, நற்பெயருடைய எழுவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றனர். அவ்வெழுவர் யார் யார்? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! பெயர் ஒன்றே சான்றாகாது என்று என் வகுப்புத் தோழர்கள் மறுக்கலாம். பன்னிருவரிலும் ஒரு பிலிப்பு உண்டு. ஆயினும் ஏழுக்கு ஏழு தற்செயல் என்று நான் நம்பவில்லை. விடுபட்டவர் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது.

லிங்கராஜபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எனக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கிற்று. எந்த மாநில ரேஷன் அட்டைக்கும் எங்கும் அரிசி என்னும் திட்டத்தில் கருநாடகம் அவ்வாண்டு சனவரியிலேயே சேர்ந்திருந்தது. தமிழ்நாடு சேர்ந்ததோ அக்டோபரில். பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்த தமிழ்க் கூலியாளின் ஊர் அட்டை, பசி மிகுந்த அம்மாதங்களில் அத்திட்டத்தின்படி ஒரு படி அரிசியும் பெற்றுத் தரவில்லை.

நம்மைக் கிரேக்கர் பக்கம் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் இன்று இந்நகரின் கட்டடச் சாரங்களில் நிற்போருள் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசுவோர் பலர். நாளை வெள்ளமோ காய்ச்சலோ வந்து நம் சங்கம் உணவுப் பொட்டலம் கட்டினால், பட்டியலைத் தமிழில் எழுதி, தமிழ்த் தெருக்களில் வழங்கி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புவோம். அங்கே எபிரேயர் நாமே.

விடுபட்டவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் தன் ஆட்களுக்கே வாரி வழங்குவான் என்பர் சிலர். இதுவரை பட்டியல் வைத்திருந்தவர் யாருக்கு வழங்கினார்களாம்?

சங்கத்தில் எழுவர் கொண்ட துயர்துடைப்புக் குழு ஒன்று வேண்டும். அவருள் மூவரேனும் தமிழறியாத தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து அழைக்கப்பட வேண்டும். விதிகளில் இதற்கு இடமில்லை என்று செயலாளர் சொல்வாராயின், விதியைத் திருத்தப் பொதுக்குழுவைக் கூட்டட்டும். முதல் கையொப்பம் நான் இடுகிறேன்.