கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் செல்லுமா?

“இரண்டு பேர் மனமொப்பி எழுதிக்கொண்ட பத்திரத்தில் மூன்றாமவன் தலையிட என்ன பாத்தியம்?” என்று கேட்கிற வழக்கம் நம் ஜனங்களுக்குள் உண்டு. பார்வைக்கு இது நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால் பத்திரத்தைப் பிரித்து உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று பார்க்கிற வரையில்தான் அந்த நியாயம் நிற்கும். இரண்டு திருடர்கள், கன்னம் வைத்து எடுக்கும் சொத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென்று முத்திரைக் காகிதத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பிறகு ஒருவன் தன் பங்கு வரவில்லையென்று கோர்ட்டுக்குப் போனால் எந்த முன்சீப்பாவது டிக்ரி கொடுப்பாரா? ஒருக்காலும் கொடுக்கமாட்டார். சட்ட விரோதமான, ஒழுக்கக் கேடான, அல்லது பொதுக் கொள்கைக்கு மாறான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு.

சாதாரணத் திருடனுக்கு உள்ள இந்தத் தடை, கிரீடமும் கொடியும் உள்ள தேசங்களுக்கு உண்டா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நெடுங்காலம் வரையில் இல்லை என்பதுதான் நடைமுறையில் அதற்குப் பதிலாக இருந்து வந்தது.

உதாரணமாக, 1713-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்காரும் ஸ்பெயின் சர்க்காரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ‘அசியெந்தோ’ என்பது அதன் பெயர். ஸ்பெயினுக்குட்பட்ட அமெரிக்க நாடுகளுக்கு 30 வருஷ காலம் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுபோய் விற்கும் குத்தகை அதன்படி பிரிட்டனுக்குக் கிடைத்தது. வருஷம் ஒன்றுக்கு 4,800. ஆக மொத்தம் 1,44,000. இதுவுங்கூட தலையெண்ணிக்கையல்ல. ‘பியேசா’ என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். திடகாத்திரமான வயதுவந்த ஆள் ஒரு பியேசா. குழந்தைகளும் வயோதிகர்களும் அதில் பின்னம். நாம் நெல்லை மரக்காலிலும் படியிலும் அளப்பதுபோல் அவர்கள் மனிதனை அளந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு தரப்பார், விற்கப்பட்டவனோ மூன்றாந்தரப்பார். அவனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் சொல்லவில்லை. இரண்டு அரசுகள் சம்மதித்துவிட்டால் போதும், அது சட்டம் என்பதே அன்றைய சர்வதேச தர்மம்.

இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சொன்ன பண்டிதர்கள் இல்லாமலில்லை. ஹாலந்து தேசத்துக் குரோஷியஸ் என்பவர் 1625-ல் யுத்தத்தையும் சமாதானத்தையும் பற்றிய தம் சட்ட நூலில், கடவுள் இல்லையென்றே வைத்துக்கொண்டாலுங்கூட இயற்கை நியாயம் நிற்கும் என்ற கருத்தை எழுதினார். அப்படி வைத்துக்கொள்வதே மகா பாபம் என்று பயந்துகொண்டேதான் எழுதினார். ஆனால் அதே குரோஷியஸ், யுத்தத்தில் பிடிபட்டவர்களை அடிமைகளாக வைத்துக்கொள்ளுவது தேசங்களின் சட்டப்படி ஆகும் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே இயற்கை நியாயம் என்று ஒருவர் பெயர் வைத்துவிட்டதாலேயே அது நியாயமாகிவிடாது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எந்த நியாயத்தையும் ‘இதனால் அடிபடுகிறவன் யார்?’ என்ற கேள்வியைக் கொண்டு உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தம் அந்தக் கேள்வியை ஐரோப்பாவின் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. பிரெஞ்சு யுத்தக் கைதிகளை ஆயுதத் தொழிற்சாலையில் வேலை வாங்கியதற்காகக் குரூப் கம்பெனி முதலாளி, அதிகாரிகள் பேரில் நூரம்பர்க்கில் வழக்கு நடந்தது. பிரான்சின் விஷி சர்க்கார் இதற்குச் சம்மதித்து ஒப்பந்தம் செய்திருந்ததாக எதிரிகள் தரப்பில் வாதிக்கப்பட்டது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தாலும் அது ஒழுக்கத்துக்கு மாறானது, செல்லாது என்று கோர்ட்டார் 1948-ல் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கொள்கை 1969-ல் வியன்னாவில் எழுத்தில் ஏறியது. தேசங்களுக்குள் உடன்படிக்கைகள் எப்படிச் செய்யப்பட வேண்டும், எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைப் பற்றிய அந்தச் சாசனம் 1980-ல் அமலுக்கு வந்தது. அதன் 53-வது பிரிவு, எந்தத் தேசமும் விலக்குப் பெற முடியாத விதிகள் சில உண்டு, அவற்றுக்கு விரோதமாகச் செய்த உடன்படிக்கை பிறக்கும்போதே செத்தது என்கிறது. 64-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட விதி புதிதாக ஏற்பட்டால் அதற்கு மாறான பழைய உடன்படிக்கையும் அன்றே முடிந்தது என்கிறது. இவ்விதிகளுக்கு லத்தீனில் ‘ஜஸ் கோஜென்ஸ்’ என்று பெயர். நாம் மீறக்கூடாத விதிகள் என்று சொல்லலாம். அந்த மாநாட்டில் சாசனத்துக்கு விரோதமாக ஓட்டுச் செய்த ஒரே தேசம் பிரான்ஸ். இந்த மீறக்கூடாத விதிகளே அதற்கு முக்கியக் காரணம்.

இவ்விதிகளை யார் கொடுத்தார்கள்? எந்த மலையிலிருந்தும் யாரும் கல்லில் எழுதி இறக்கிக்கொண்டு வரவில்லை. தேசங்களின் சமூகம் முழுவதும் ஏற்றுக்கொண்டு அங்கீகரித்திருக்க வேண்டும் என்பதே அந்த 53-வது பிரிவு வைக்கிற பரீட்சை. அன்றியும், இதே அந்தஸ்துள்ள பின்னொரு விதியால் இதை மாற்றலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, ‘மீறக்கூடாது’ என்று சொன்னவர்களே ‘மாற்றவே கூடாது’ என்று சொல்லவில்லை. மனிதன் செய்த சட்டத்துக்கு இதைவிட யோக்கியமான அடையாளம் வேறென்ன வேண்டும்?

ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்டக் கமிஷன் 2022-ல் இவ்விதிகளுக்கு ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறது. ஆக்கிரமிப்பு யுத்தம், இனப்படுகொலை, மனித குலத்துக்கு விரோதமான குற்றங்கள், நிறவெறியும் இனபேதமும், அடிமைத்தனம், சித்திரவதை ஆகியவை கூடாதென்பது. யுத்தத்தில் மனிதாபிமானச் சட்டத்தின் அடிப்படை விதிகள். மக்களின் சுயநிர்ணய உரிமை ஆக எட்டு. இது முடிந்த ஜாபிதா அல்ல என்றும் கமிஷனே சொல்லியிருக்கிறது. அவ்வேலையை முன்னின்று நடத்திய டயர் ட்லாடி என்பவர் தென்னாப்பிரிக்கர். நிறவெறியையே சட்டமாக வைத்து ஆண்ட தேசத்திலிருந்து வந்த ஒருவர் அதை உலகத்துக்கே ஆகாதென்று எழுதும் காலம் வந்தது என்றால், ‘எக்காலத்தும் இப்படியேதான் இருக்கும்’ என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

நிற்க, இவ்விதி நடப்பில் எப்படி வேலை செய்கிறதென்று பார்ப்போம். தென்னமெரிக்காவில் சூரினாம் என்ற தேசத்தை டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போய்ச் சண்டையிட்டு விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களில் சரமாக்கா என்பார் ஒரு கூட்டத்தார். 1762-ல் டச்சுக்காரர் அவர்களோடு உடன்படிக்கை செய்து அவர்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டார்கள். எந்த நிபந்தனையின் பேரில் தெரியுமா? இனி தப்பி வருகிற அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். வேறு யாரையாவது கைதிகளாகப் பிடித்தால் அவர்களை டச்சுக்காரருக்கு அடிமைகளாக விற்கலாம். கிணற்றிலிருந்து ஏறி வந்தவன், பின்னால் ஏறி வருகிறவனைத் தள்ளிவிடுவதாக எழுதிக்கொடுத்தால்தான் கயிற்றை விடுவோம் என்கிற யோக்கியதைதான் இது.

1987-ம் வருஷக் கடைசி நாளில் சூரினாம் சிப்பாய்கள் இக்கூட்டத்தாரில் ஏழு பேரைக் கொன்றார்கள். அமெரிக்கக் கண்டத்து மனித உரிமைக் கோர்ட்டில் நஷ்ட ஈடு வழக்கு நடந்தபோது, குடும்ப விஷயங்களில் சரமாக்காக்களின் சொந்த வழக்கமே செல்லும் என்பதற்கு இந்த 1762-ம் வருஷத்து உடன்படிக்கையும் எடுத்துக் காட்டப்பட்டது. 1993-ல் கோர்ட்டார், அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி, கைதிகளை அடிமைகளாக விற்கவும் இடங்கொடுக்கிற ஒன்று உடன்படிக்கையென்றே வைத்துக்கொண்டாலும், பின்னால் ஏற்பட்ட மீறக்கூடாத விதிக்கு விரோதமாகையால் இன்று செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் ஜனங்களைத் தள்ளவில்லை. அவர்கள் வழக்கத்தைத் தனியே விசாரித்து, யார் மனைவி, யார் பிள்ளை என்று அதன்படியே கண்டு நஷ்ட ஈடு கொடுக்கச் செய்தார்கள். குஜாபா கிராமத்துப் பள்ளிக்கூடத்தைத் திறக்கவும், வைத்தியசாலையை நடத்தவும் உத்தரவிட்டார்கள். கெட்ட பத்திரத்தைக் கிழித்தால் நல்ல பாத்தியமும் போய்விடுமே என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இதோடு திருப்தியடைந்துவிட நாம் தயாராயில்லை. ஏனெனில், விதி இருப்பது வேறு, அதைக் கொண்டு பரிகாரம் பெறுவது வேறு. காங்கோ தேசம் ருவாண்டா பேரில் கொண்டுவந்த வழக்கில் ஹேக் நகரத்துச் சர்வதேசக் கோர்ட்டார் 2006-ல், இனப்படுகொலை கூடாதென்பது மீறக்கூடாத விதியே, ஆனால் அதனாலேயே வழக்கை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் வந்துவிடாது என்றார்கள். 2012-ல், நாஜிப் படைகள் இத்தாலியில் செய்த கொலைகளுக்கும் கட்டாய வேலைக்கும் இத்தாலியக் கோர்ட்டுகள் ஜெர்மனி பேரில் தீர்ப்புக் கொடுத்தது தவறு என்று 12-க்கு 3 ஓட்டில் முடிவு செய்தார்கள். ஒரு தேசத்தை மற்றொரு தேசத்துக் கோர்ட்டில் இழுக்கக்கூடாதென்பது வெறும் நடைமுறை விதியாம். அதற்கும் மீறக்கூடாத விதிக்கும் முரண்பாடே கிடையாதாம். வீடு உன்னுடையதுதான், ஆனால் சாவி மட்டும் தரமாட்டோம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இத்தாலியின் அரசியல் சட்டக் கோர்ட்டு 2014-ல் இதற்குக் கட்டுப்பட மறுத்தது, நம் அபிப்பிராயத்தில் மிகவும் சரியே.

நம் தேசத்தின் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா அந்த வியன்னாச் சாசனத்தில் சேரவில்லை. சித்திரவதைக்கு விரோதமான 1984-ம் வருஷத்துச் சாசனத்தில் 1997-ல் கையெழுத்திட்டதே ஒழிய இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. ஆனால் சித்திரவதை கூடாதென்பது மீறக்கூடாத விதியாகிவிட்டது என்று ஹேக் கோர்ட்டார் பெல்ஜியம், செனகல் வழக்கில் 2012-லேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே கையெழுத்து முற்றுப்பெறவில்லை என்று லாக்கப்புக்குள் எந்தச் சர்க்காரும் சாக்குச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டதால் அக்கிரமம் நியாயமாகாதது போலவே, போடாததாலும் ஆகாது.

ஆகவே தோழர்களே! இவ்விதிகளை வெறும் வக்கீல் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 1713-ல் சட்டமாயிருந்தது இன்று குற்றமாயிருக்கிறதென்றால், அளக்கப்பட்டவர்களும் விற்கப்பட்டவர்களும் அவர்களுக்காகப் பரிந்தவர்களும் விடாமல் கேட்டதனால்தான். யார் எந்த உடன்படிக்கையை நீட்டினாலும், கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பார்ப்பதோடு நிற்காமல், கையெழுத்துக் கேட்கப்படாதவன் யார் என்றும் பாருங்கள். அவனுக்கு அதில் நாசம் இருந்தால், அந்தப் பத்திரம் எத்தனை முத்திரை போட்டதாயிருந்தாலும் செல்லாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.