கால்பந்து யார் கொடுத்த கொடை?

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் விளையாட்டு விழாவுக்குத் தோழர்கள் சிலர் போயிருந்தோம். மேடையில் பேசிய சிறப்பு விருந்தினர் இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். ஒன்று, கால்பந்து ஆங்கிலேயக் கனவான்கள் உலகத்துக்குக் கொடுத்த கொடை. இன்னொன்று, ஒரு பந்து இருந்தால் போதும் யாரும் ஆடலாம் என்பதால், அந்த விளையாட்டில் சாதி கிடையாது, நிறம் கிடையாது, ஏழை பணக்காரன் கிடையாது.

கைத்தட்டியவர்களில் பாதிப் பேர் நம் தெருப் பிள்ளைகள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'ஆதி' கதையை முடித்துவிடுவோம். கால்பந்தின் பூர்வீகம் எது என்று கேட்டால் சீனாவின் சூஜூ என்பார்கள், கிரேக்கம் என்பார்கள், ரோம் என்பார்கள். பழமை தேடி வம்சாவளி எழுதுவது எல்லா நாட்டிலும் மேட்டுக்குடிக்கு இருக்கிற வியாதி. உருண்டையாக ஒன்று கிடைத்தால் உதைக்கிற ஆசை எல்லா மனிதருக்கும் உண்டு, அதற்குப் பட்டயம் தேவையில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: ஆடியது யார், தடுத்தது யார், சட்டம் எழுதியது யார்?

இங்கிலாந்தில் அது சாமானியர்களின் தெரு விளையாட்டாக இருந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து வயல், ஓடை, சந்தைத்தெரு என்று பந்தைத் துரத்தும். 1314இல் லண்டன் மேயர் மன்னரின் பெயரால் அதற்குத் தடை போட்டார். பின்வந்த அரசர்களும் தடுத்தார்கள். மக்கள் கேட்கவில்லை. பிறகு பொது நிலங்களுக்கு வேலி போட்டார்கள். ஊர்ப்பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலம் தனியார் பட்டாவானது. ஆடுவதற்கு மிஞ்சியது சாலைதான். 1835இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் சாலையில் கால்பந்து ஆடுவதையும் குற்றமாக்கி அபராதம் விதித்தது. புறம்போக்கு பறிபோன கதை நமக்குத் தெரியாததா?

ஏழைகளின் காலடியிலிருந்து நிலத்தைப் பிடுங்கிய அதே காலத்தில்தான் ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகள் பரந்த புல்வெளிகளில் இந்த ஆட்டத்துக்கு விதி எழுதிக்கொண்டிருந்தன. 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்கிற விடுதியில் சில கனவான்கள் கூடிக் கால்பந்துச் சங்கம் அமைத்தார்கள். 'கொடை' என்று சொல்லப்படுவது இந்தக் கூட்டத்தைத்தான். விதிகளை எழுதி முறைப்படுத்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பொதுவில் இருந்த ஒன்றை எடுத்து வேலி போட்டுவிட்டு உள்ளே வந்து ஆடு என்பதற்குப் பெயர் கொடையா?

உள்ளேயும் லேசில் விடவில்லை. 1879இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லங்காஷயர் மாவட்டத்தில் டார்வன் என்கிற சின்ன ஊர், பருத்தி ஆலை ஊர். அந்த அணி எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி ஓல்ட் ஈட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். ஆட்டம் லண்டனில். ஆலைத் தொழிலாளிக்கு லண்டன் போவது என்றால் கூலி போகும், ரயில் காசு போகும். ஊரே சந்தா போட்டு அனுப்பியது. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது 5-1 என்று கனவான்கள் முன்னிலை. அந்தக் கால் மணி நேரத்தில் டார்வன் நான்கு கோல் போட்டு 5-5 ஆக்கியது. களைத்துப் போன கனவான்களிடம், கூடுதல் நேரம் ஆடி இன்றே முடித்துவிடலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். திரும்ப லண்டன் வா என்றார்கள். மறுபடி வசூல், மறுபடி ரயில். 2-2. இன்னொரு தடவை வா. மூன்றாவது பயணத்தில் 6-2 என்று டார்வன் தோற்றது.

இந்தத் தோல்வியைத்தான் பிறகு 'தகுதி' என்று எழுதுவார்கள். வீட்டிலிருந்து கிளம்பி மைதானத்துக்கு வந்தவனும், கூலியை இழந்து மூன்று முறை நாட்டின் குறுக்கே பயணம் செய்தவனும் ஒரே கோட்டில் நின்றார்களாம். நுழைவுத் தேர்வு பற்றி நம்மிடம் வாதாடுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நான்கே ஆண்டுகள். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்கிற அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, குழாய் வேலைக்காரர் என்று உழைக்கிறவர்கள் நிறைந்த அணி. எதிரில் அதே ஈட்டோனியன்ஸ். இந்த முறை கூடுதல் நேரம் ஆடினார்கள், 2-1 என்று ஜெயித்தார்கள். வெற்றிக் கோலைப் போட்ட ஜிம்மி காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கனவான் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? காசு வாங்கி ஆடுவது அசிங்கம் என்றார்கள். 'அமெச்சூர்' என்கிற சொல்லைத் தூக்கிப் பிடித்தார்கள். கூலி இல்லாமல் ஆடுவதுதான் தூய்மை, கூலி வாங்கினால் ஆட்டம் தீட்டு. பரம்பரைச் சொத்து இருக்கிறவனுக்குத்தான் அந்தத் தூய்மை கட்டுப்படியாகும் என்பதை யாரும் பேசவில்லை. பக்கத்தில் படகுப் போட்டிக்காரர்கள் இன்னும் வெளிப்படை. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞனோ தொழிலாளியோ அமெச்சூர் ஆகவே முடியாது என்று விதியிலேயே எழுதி வைத்தார்கள். உடலால் உழைத்த ஒரே காரணத்துக்காக ஒருவன் தகுதி இழக்கிறான். இந்தச் சட்டத்தை மனு எழுதவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். வடக்கத்திய ஆலை ஊர் அணிகள் தனிச் சங்கம் காண்போம் என்று மிரட்டிய பிறகே, 1885இல் சம்பளத்துக்கு ஆடுவது அங்கீகரிக்கப்பட்டது.

உலகம் முழுக்கப் பரவியதும் இப்படித்தான். கப்பல் மாலுமிகளும் ரயில் பாதை போட்டவர்களும் ஆலை மேஸ்திரிகளும் பந்தைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டு போனார்கள் என்பது உண்மை. ஆனால் போன இடத்தில் எல்லாம் அது முதலில் வெள்ளைக்காரக் கிளப்புக்குள்தான் இருந்தது. பிரேசிலில் 1894இல் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சார்லஸ் மில்லர் பந்தோடு இறங்கினார் என்று பாடம் தொடங்கும். அது கிளப் கனவான்களின் கதை. பிரேசில் கால்பந்து என்று இன்று உலகம் கொண்டாடுவது வேறு கதை, அது ரியோவின் ஆலைத் தெருக்களிலும் துறைமுகத்திலும் பிறந்தது.

1923இல் வாஸ்கோ ட காமா கிளப், கறுப்பர்களையும் கலப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் வைத்து ரியோ கோப்பையை ஜெயித்தது. மறு ஆண்டே பெரிய கிளப்புகள் பிரிந்து போய்த் தனிச் சங்கம் வைத்தன. வாஸ்கோ சேரலாம், ஆனால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வர வேண்டும் என்றன. நிறம் என்று எங்கும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கௌரவமான தொழில் வேண்டும் என்று எழுதினார்கள். சொந்த மைதானம் இல்லை என்றும் குறை சொன்னார்கள். எவ்வளவு நாகரிகமான வார்த்தைகள் பாருங்கள். படிப்பு, தொழில், நிலம் மூன்றையும் முதலில் மறுத்துவிட்டு அவை இல்லாததையே காரணமாகக் காட்டுவது.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ், அந்தப் பன்னிரண்டு பேரைப் பலி கொடுத்துவிட்டு வர மாட்டோம் என்று கடிதம் எழுதினார். மைதானம்தானே குறை? ஆதரவாளர்கள் காசு சேர்த்தார்கள். 1927இல் சாவோ ஜனுவாரியோ மைதானம் திறக்கப்பட்டது. அப்போது தென் அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் அது.

வென்ற பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 1966 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் கொடுத்தார்கள். நிக்ரூமாவின் கானா முன்னின்று, ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக வெளியேறின. ஃபிஃபா அபராதம் போட்டது. ஆனால் 1970இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இட ஒதுக்கீடு தரத்தைக் கெடுக்கும் என்கிறவர்கள் ஆப்பிரிக்க வீரர்கள் இல்லாத இன்றைய ஐரோப்பியக் கிளப் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கட்டும்.

பெண்களின் கதை இன்னும் மோசம். 1920 டிசம்பர் 26 அன்று டிக், கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தை லிவர்பூலில் 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது என்று சொல்லிச் சங்கத்து மைதானங்களை அவர்களுக்குப் பூட்டினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பூட்டு.

இப்போது அந்த 'ஒரு பந்து இருந்தால் போதும்' என்கிற வாக்கியத்துக்கு வருவோம். அந்தப் பந்தைச் செய்தது யார்?

பந்து என்பது பன்றியின் சிறுநீர்ப்பையும் அதன்மேல் தைத்த தோலும். ரக்பி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து செய்து கொடுத்த கில்பர்ட்டும் லிண்டனும் செருப்புத் தைக்கிற தொழிலாளிகள். அந்தப் பன்றிப் பையை வாயால் ஊதி ஊதியே லிண்டனின் மனைவி நோய் கண்டு இறந்தார் என்று சொல்வார்கள். கனவான்களின் வரலாற்றில் விதி எழுதியவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. ஊதியவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் துணைக்கண்டத்தில் அந்த வேலை சியால்கோட்டுக்கு வந்தது. பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் பந்து தைத்த ஊர். 1947 பிரிவினையில் அங்கிருந்து ஜலந்தருக்கு வந்த தொழிலாளிகளில் மேக் என்கிற தலித் சமூகத்தவர் ஏராளம். ஜலந்தரின் பஸ்திகளில் வீடு வீடாக உட்கார்ந்து பந்து தைத்தார்கள். 32 துண்டுகள், 600-க்கும் மேற்பட்ட தையல்கள், பந்துக்கு இவ்வளவு என்று கூலி. பெண்களும் குழந்தைகளும் தைத்தார்கள். சியால்கோட்டில் குழந்தைகள் தைப்பது படத்தோடு உலகப் பத்திரிகையில் வந்து, வாங்குகிற கம்பெனிகளுக்கு மானம் போன பிறகு, 1997இல்தான் அதைத் தடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். இன்று தையலுக்குப் பதில் வெப்பத்தால் ஒட்டுகிறார்கள். 2022 உலகக் கோப்பைப் பந்தும் சியால்கோட்டில்தான் தயாரானது.

தோலைத் தொட்டால் தீட்டு, அதே தோல் பந்தாகி வந்தால் காலால் தொடலாம், கையில் ஏந்திப் படம் எடுக்கலாம். செய்தவன் மட்டும் தெருவுக்குள் வரக் கூடாது. இதில் சாதி இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

வெறுங்காலோடு ஆடிய வீரம் என்று 1911 மோகன் பகான் வெற்றியையும் 1948 ஒலிம்பிக் அணியையும் புகழ்வதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நாம். வெறுங்கால் நமக்கு வீரக்கதை அல்ல.

இத்தனையும் மீறி வடசென்னையைப் பாருங்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சந்துக்குள் பந்து உருள்கிறது. 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் செல்லமாக எழுதுகின்றன. அங்கே ஒரு பிள்ளைக்கு எத்தனை சதுர அடி விளையாட்டு இடம் என்று அதே பத்திரிகைகள் எழுதினால் நன்றாக இருக்கும்.

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஓர் ஊராட்சி. அரசுப் பதிவில் விளையாட்டுத் திடல் என்று இருக்கிற இடத்தில் காலனிப் பையன்கள் பந்தோடு இறங்கினால், சரியாக அந்த நேரத்தில் டிராக்டர் வந்து நிற்கும். கோல் கம்பத்தை இரண்டு முறை பிடுங்கிவிட்டார்கள். மனு கொடுத்தால் "இரு தரப்பும் பேசி முடிச்சுக்குங்க" என்பதுதான் பதில். அதனால் பையன்கள் ஏரி உள்வாயில் ஆடுகிறார்கள், தண்ணீர் வரும் வரைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்கிவிட்டோம். அடுத்த கிராம சபைக்கு அணியின் பதினான்கு பேரும் பந்தோடு வருகிறார்கள். பக்கத்து ஊர்த் தோழர்களும் வாருங்கள்.