மாத்திரையைச் சேர்க்க ஆள் உண்டு, எடுக்க யார்?

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். மனநலப் புறநோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல்.

மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிடும் ஒருவரின் சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ரிஸ்பெரிடோன் காலை ஒன்று, இரவு ஒன்று. ஓலன்சபின் இரவில். மாதம் ஒரு ஃப்ளூஃபெனசின் ஊசி. கை நடுக்கத்துக்கு, நாங்கள் டி.எச்.பி. என்று சொல்லும் ட்ரைஹெக்ஸிபெனிடில். தூக்கத்துக்குக் குளோனசெபம். அடுத்த மாதச் சீட்டில் இவ்வளவும் இருக்காது. ‘ரிப்பீட்’ என்று மட்டும் எழுதியிருக்கும். மகனுக்காக மருந்து வாங்க வரும் அம்மா பழைய உறைகளை எடுத்துக் காட்டி, “போன தடவை குடுத்ததுதானே தம்பி?” என்பார். அதேதான் என்று நானும் எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டுவார்கள். பாதியிலேயே நோயாளி தெளிந்துவிடுகிறார். மருத்துவருக்கும் மாறுதல் வந்துவிடுகிறது. அடுத்து வருகிறவர், நன்றாக இருக்கிறவரின் மருந்தில் ஏன் கை வைக்க வேண்டும் என்று தயங்குகிறார். குறைத்து, நோய் திரும்பினால் பழி அவர் தலையில்தான். ஒரு காலைக்குள் ஒரு கூட்டத்தையே பார்த்து முடிக்க வேண்டியவரிடம் பழைய சீட்டுகளைப் புரட்ட நேரமும் இல்லை. இப்படி இரண்டு மருந்தும் நிலைத்துவிடுகின்றன. இதில் எந்த மருத்துவரையும் நான் குறை சொல்லவில்லை. சேர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது; எடுப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமல்ல. 2001-இல் சீனா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், தைவான், ஹாங்காங் ஆகிய இடங்களின் மனநல மருத்துவர்கள் சேர்ந்து மனச்சிதைவு நோயாளிகள் 2,399 பேரின் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தார்கள். 45.7 விழுக்காட்டினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனநோய் மருந்துகள் (ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை) தரப்பட்டிருந்தன. நோய் ஒன்றுதான், ஆனால் மருந்துகளின் எண்ணிக்கை நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபட்டது. அப்படியானால், சீட்டின் நீளத்தை நிர்ணயிப்பதில் நோய்க்கு மட்டுமல்ல, அந்தந்த ஊர் வழக்கத்துக்கும் பங்கு உண்டு. இந்த ஆய்வின் பிந்தைய சுற்றுகளில் இந்தியாவும் சேர்ந்தது.

இதைக் குறைக்க ஜப்பான் காசில் கை வைத்தது. 2014-இல், நான்கோ அதற்கு மேலோ மனநோய் மருந்துகளைப் புறநோயாளிக்கு எழுதினால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் காப்பீட்டுக் கட்டணம் குறையும் என்று விதி போட்டார்கள். 2016-இல் அதை மூன்றாக இறுக்கினார்கள். மருந்தை மாற்றும் இடைக்காலத்துக்கு விலக்கு உண்டு.

இலவச மருந்து கொடுக்கும் நம் மருத்துவமனைகளில் அந்த வழி செல்லாது. ஆனால் நம்மிடம் கணக்கு இருக்கிறது. மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து எந்த மருத்துவமனைக்கு எத்தனை ஓலன்சபின் போனது என்பது பாஸ் புத்தகத்தில் பதிவாகிறது. ஒரே நோயாளிக்கு எத்தனை வகை போகிறது என்பதை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஓலன்சபினால் ஏறிய சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருகிறது. இரண்டு சீட்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை.

இரண்டு மருந்து என்றாலே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குளோசபின் என்ற மனநோய் மருந்தோடு அரிப்பிப்ரசோல் என்ற இன்னொன்றைச் சேர்த்து எடுத்தவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறைவாக இருந்ததை ஃபின்லாந்தின் 2019 ஆய்வு காட்டியது. இதைப் படிக்கும் குடும்பத்தார் யாரும் தாங்களாகவே ஒரு மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். நோய் திரும்பிவிடக்கூடும். காரணம் தெரிந்து கொடுக்கும் இரண்டும், காரணம் மறந்துபோன இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

கேட்பது நான்குதான். இரண்டாவது மனநோய் மருந்தைச் சேர்க்கும்போது ஏன், எத்தனை நாளுக்கு என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ‘ரிப்பீட்’ செல்லாத ஒரு மறுஆய்வு நாளை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒதுக்குங்கள். எடையையும் சர்க்கரையையும், டி.எச்.பி. இன்னும் தேவையா என்பதையும் அன்று பார்க்கட்டும். இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் கேட்காத நோய்க்குக் குளோசபின்தான் அடுத்த படி. அதற்கு முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்த அணுக்களை எண்ண வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வாராவாரம் மாவட்டத் தலைநகருக்கு யார் வருவார்கள்? மூன்றாவதாக, அந்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய ஏற்பாடு வேண்டும். நான்காவதாக, எந்த மாத்திரை எதற்கு, என்ன பக்கவிளைவு என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். இந்தத் தகவல் நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய மருந்தும் வேண்டாம். முதலில் ஒரு மாவட்டத்தில் ஓராண்டு செய்து பார்த்து, கிடைக்கும் கணக்கை வெளியிடுங்கள். சீட்டுகளைப் படித்துப் பிரிக்க எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற மருந்தாளுநர்களைக் கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்